எக்ஸ்ஓ மடிக்கணினியில் ஃபிளாஷ் ஓடவில்லையா? அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழி

பச்சையும் வெள்ளையுமாக, முயல் காது மாதிரி இரண்டு ஆன்டெனாவோடு இருக்கும் எக்ஸ்ஓ மடிக்கணினியை இன்னும் பத்திரமாக வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். 2007 இறுதியில் அமெரிக்காவிலும் கனடாவிலும் ஓஎல்பிசி ('ஒரு குழந்தைக்கு ஒரு மடிக்கணினி') அமைப்பு நடத்திய 'ஒன்று கொடு, ஒன்று பெறு' திட்டத்தில் 399 டாலர் கொடுத்தவர்களுக்குக் கிடைத்த அதே இயந்திரம்தான். என்னிடம் இரண்டு எக்ஸ்ஓ-1 இருக்கின்றன, ஒரு எக்ஸ்ஓ-1.5 இருக்கிறது. மூன்றிலும் ஃபிளாஷ், அதாவது அனிமேஷன்களையும் விளையாட்டுப் பாடங்களையும் உலாவிக்குள் ஓட்டும் அடோபியின் பழைய பிளகின், போட்டிருக்கிறேன், மூன்றும் மூன்று விதமாகப் படுத்தின.

இன்றைக்கு எதற்கு ஃபிளாஷ் என்று கேட்கலாம். கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் அறிவியல் பாவனையாக்கங்களை எடுத்துக்கொள்ளுங்கள். அவற்றின் புதிய வடிவங்கள் எச்டிஎம்எல்5-இல் வருகின்றன, எக்ஸ்ஓ-1இன் பழைய உலாவிக்கு அவை சுத்தமாக ஏறாது. அதே பாடத்தின் பழைய ஃபிளாஷ் கோப்பு பென்டிரைவில் இருந்தால், குழந்தை இன்றும் அந்தச் சின்னத் திரையில் ஊசலை ஆட்டிப் பார்க்கலாம். நல்ல பாடம் ஒன்று, ஓடக்கூடிய இயந்திரம் ஒன்று, நடுவில் ஒரு பிளகின் மட்டும் இல்லை என்பதற்காக இரண்டையும் தூக்கிப் போட எனக்கு மனம் வரவில்லை.

ஒரு எச்சரிக்கையை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அடோபி நிறுவனம் 2020 டிசம்பர் 31-ஓடு ஃபிளாஷுக்கான ஆதரவை நிறுத்திவிட்டது. அதன் ஓட்டைகளை இனி யாரும் அடைக்கப்போவதில்லை. ஆகவே ஃபிளாஷ் போட்ட எக்ஸ்ஓவை இணையத்தோடு இணைக்காதீர்கள், எக்ஸ்ஓவின் திரை இடைமுகமான சுகரின் அமைப்புப் பலகையில் நெட்வொர்க் பகுதிக்குப் போய் ரேடியோவை அணைத்துவிடுங்கள். கீழே சொல்வது எல்லாம் பென்டிரைவில் கொண்டுவந்த பாடங்களை ஓட்டுவதற்கு மட்டுமே.

அப்புறம், இதெல்லாம் பெட்டியிலேயே ஏன் வரவில்லை என்பதும் தெரிந்திருந்தால் பாதிக் குழப்பம் தீரும். ஃபிளாஷ் அடோபியின் தனியுரிமை மென்பொருள், அதன் உரிமத்தின்படி நினைத்தவர்கள் எல்லாம் அதை இயங்குதளத்தோடு சேர்த்து விநியோகிக்க முடியாது. ஓஎல்பிசி அதற்குப் பதிலாக க்னாஷ் என்ற கட்டற்ற மென்பொருளைச் சேர்த்து அனுப்பியது. எளிய அனிமேஷன்களை க்னாஷ் ஓட்டிவிடும். ஆக்ஷன்ஸ்கிரிப்ட் 3-இல் எழுதியவை, அதாவது ஃபிளாஷ் 9-க்குப் பிறகு வந்த பெரும்பாலான பாடங்கள், அதற்குப் பிடிபடாது. காப்புரிமைச் சிக்கலால் வீடியோ கோடெக்குகளையும் அதனோடு சேர்க்கவில்லை. ஆக, உங்கள் எக்ஸ்ஓவில் ஃபிளாஷ் இடத்தில் ஏற்கெனவே ஒருவர் உட்கார்ந்திருக்கிறார், இது நினைவில் இருக்கட்டும்.

கை வைக்கும் முன்

திரும்பத் திரும்ப அழித்து நிறுவிக்கொண்டிருப்பதுதான் எல்லோரும் செய்கிற வீண் வேலை. முதலில் மூன்று விஷயங்களைப் பார்த்து ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

டெர்மினல் செயலியைத் திறந்து யூநேம் கட்டளையை மைனஸ் எம்மோடு கொடுங்கள். ஐ586, ஐ686 என்பது போல வந்தால் எக்ஸ்86 வகைச் செயலி (சிபியூ), மேலே தொடரலாம். ஆர்ம்வி7 என்று தொடங்கினால் உங்களிடம் இருப்பது எக்ஸ்ஓ-1.75 அல்லது எக்ஸ்ஓ-4. அவற்றில் ஆர்ம் செயலி இருக்கிறது, ஆர்ம் லினக்ஸ் கணினிக்கென்று அடோபி ஃபிளாஷ் பிளகினை வெளியிடவே இல்லை. என்ன செய்தாலும் ஓடாது, நேரத்தைச் செலவழிக்காமல் பாடங்களை வேறு வடிவத்துக்கு மாற்றும் வழியைப் பாருங்கள்.

அடுத்தது சுகரின் 'என் கணினியைப் பற்றி' பகுதி. எந்த வெளியீடு என்று அங்கே இருக்கும். 8.2, 10.1, 11.3, 12.1 இப்படி ஏதாவது ஒன்று.

மூன்றாவதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம். எக்ஸ்ஓவின் உலாவியான பிரவுஸ் செயலியின் முகவரிப் பட்டையில் அபவுட் என்று எழுதி, முக்காற்புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் பிளகின்ஸ் என்று ஆங்கிலத்தில் அடியுங்கள். உலாவி தனக்குத் தெரிந்த பிளகின்களை எல்லாம் வரிசையாகக் காட்டும். நான் கீழே 'பிளகின் பட்டியல்' என்று சொல்வது இதைத்தான்.

ஆர்பிஎம் நிறுவவே மறுக்கிறது

ஆர்பிஎம் என்பது ஃபிளாஷை நிறுவும் பொதி. அந்தக் கோப்பைப் பென்டிரைவில்தான் கொண்டுவர வேண்டியிருக்கும், ஏனென்றால் எக்ஸ்ஓ-1இன் பழைய உலாவிக்கு இன்றைய பாதுகாப்பான இணையதளங்கள் பெரும்பாலும் திறப்பதே இல்லை. அடோபியும் தரவிறக்கப் பக்கத்தை எடுத்துவிட்டது. அந்தக் காலத்தில் நீங்களே இறக்கி வைத்த ஆர்பிஎம் கோப்பு பழைய வட்டில் எங்காவது இருந்தால் அதுதான் நம்பகமானது, தெரியாத இடத்திலிருந்து எடுத்த ஃபிளாஷ் கோப்பை நான் குழந்தைகளின் இயந்திரத்தில் போடமாட்டேன்.

அனுமதி இல்லை என்று வந்தால் நீங்கள் ஓஎல்பிசி பயனராகவே இருக்கிறீர்கள் என்று அர்த்தம். எஸ்யூ, ஒரு இடைவெளி, ஒரு சிறு கோடு என்று அடித்தால் ரூட், அதாவது நிர்வாகப் பயனர், ஆகிவிடலாம், பள்ளியோ நிறுவனமோ தனியாக வைத்திருந்தால் ஒழிய கடவுச்சொல் கேட்காது. அந்தக் கோட்டை விட்டுவிடாதீர்கள், விட்டால் கணினி நிர்வாகக் கட்டளைகள் சில 'இல்லை' என்று சொல்லும்.

'இந்தப் பொதி எக்ஸ்86-64 கட்டமைப்புக்கானது' என்ற பொருளில் பிழை வந்தால் எடுத்தது 64-பிட் கோப்பு. எக்ஸ்ஓ-1, எக்ஸ்ஓ-1.5 இரண்டிலும் 32-பிட்தான், பெயரில் ஐ386 என்று இருப்பதை எடுங்கள். சிலர் ஆர்பிஎம்மை விட்டுவிட்டு லிப்ஃபிளாஷ்பிளேயர் கோப்பை மட்டும் கையால் நகலெடுத்து வைப்பார்கள், அதிலும் 64-பிட் மாட்டிக்கொண்டால் பிழைச் செய்தி எதுவும் வராமல் பட்டியலில் மட்டும் காணாமல் போய்விடும், இது இன்னும் மோசம். ஃபைல் கட்டளையைக் கொடுத்தால் எத்தனை பிட் என்று சொல்லிவிடும்.

இடம் இல்லை என்று வந்தால் அங்கேயே நிறுத்துங்கள். எக்ஸ்ஓ-1இல் மொத்தமே 1 ஜிபி நாண்ட் சேமிப்புதான், அதில் இயங்குதளமும் இருக்கிறது, குழந்தை எடுத்த படங்கள் எல்லாம் சுகரின் கோப்புப் பதிவேடான ஜர்னலில் இருக்கின்றன. பழைய வெளியீடுகளில் அந்தச் சேமிப்பு முழுவதும் நிரம்பிவிட்டால் அடுத்த முறை சுகரே எழும்பாமல் போகக்கூடும். டிஎஃப் கட்டளையை மைனஸ் எச்சோடு கொடுத்துப் பாருங்கள், ஜர்னலில் இருப்பதைப் பென்டிரைவுக்கு நகலெடுத்துவிட்டு அழியுங்கள். அழிக்கும் முன் குழந்தையைக் கேளுங்கள். நமக்கு மங்கலாகத் தெரியும் ஒரு படம் அவர்களுக்கு வீட்டு நாய்க்குட்டியின் முதல் படமாக இருக்கும்.

நிறுவியாயிற்று, ஆனால் பக்கத்தில் சாம்பல் பெட்டிதான்

பிரவுஸை முழுவதும் மூடித் திறந்தீர்களா? தாவலை மூடினால் போதாது. சுகரில் செயலியை விட்டு முகப்புக்கு வந்தாலும் அது பின்னால் ஓடிக்கொண்டே இருக்கும், பிளகின்களை அது தொடக்கத்தில் மட்டுமே தேடுகிறது.

மூடித் திறந்தும் பட்டியலில் வரவில்லை என்றால் கோப்பு எங்கே போனது என்று பாருங்கள். நாம் மேசைக் கணினியில் பழகிய பழக்கத்தில் வீட்டு அடைவுக்குள் மொசில்லா என்ற மறைந்த கோப்புறை, அதற்குள் பிளகின்ஸ் என்று உருவாக்கி அங்கே வைப்போம். எக்ஸ்ஓவில் இது சிக்கல். 8.2-உம் அதற்கு முந்தியவையும் ரெயின்போ என்ற பாதுகாப்பு ஏற்பாட்டால் ஒவ்வொரு செயலியையும் தனி வேலிக்குள் வைத்து ஓட்டுகின்றன, பிரவுஸ் உங்கள் வீட்டு அடைவைத் தன் வீடாக நினைப்பதில்லை. யூஎஸ்ஆர் அடைவில் லிப், அதற்குள் மொசில்லா, அதற்குள் பிளகின்ஸ், அந்தப் பொது இடத்தில்தான் கோப்போ அதற்கான இணைப்போ இருக்க வேண்டும். அடோபியின் ஆர்பிஎம் இதைத் தானே செய்துவிடும், அதனால்தான் கையால் நகலெடுப்பதைவிட ஆர்பிஎம் நல்லது என்கிறேன்.

12.1 அல்லது அதற்குப் பிந்தைய வெளியீடு வைத்திருப்பவர்களுக்கு வேறு கதை. அந்த வெளியீட்டில் பிரவுஸ் வெப்கிட் என்ற உலாவி இயந்திரத்துக்கும் ஜிடிகே3 என்ற சாளர நூலகத்துக்கும் மாறிவிட்டது. ஃபிளாஷ் பிளகினோ அதன் முந்தைய பதிப்பான ஜிடிகே2-ஐ நம்பி எழுதப்பட்டது. இரண்டும் ஒரே நிரலுக்குள் ஒன்றாக இருக்க முடியாது. இதற்குப் பிரவுஸில் வழி தேட வேண்டாம், க்னோம் மேசைத்தளத்துக்கு மாறி ஃபயர்ஃபாக்ஸில் திறந்து பாருங்கள்.

பட்டியலில் ஷாக்வேவ் ஃபிளாஷ் இருக்கிறது, ஆனாலும் பாடம் ஓடவில்லை

பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள், அதன் கீழே இருக்கும் விளக்க வரியைப் படியுங்கள். க்னாஷும் உலாவியிடம் தன்னை ஷாக்வேவ் ஃபிளாஷ் என்றே அறிமுகப்படுத்திக்கொள்கிறது, வலைப்பக்கங்கள் அந்தப் பெயரைத்தான் தேடும் என்பதால் அது அப்படிச் செய்தாக வேண்டும். விளக்கத்தில் க்னாஷ் என்று இருந்தால் அடோபியின் பிளகின் பக்கத்திலேயே இருந்தும் அழைப்பு இதற்குத்தான் போகிறது.

ரூட் ஆகி, ஆர்பிஎம் கட்டளையை மைனஸ் கியூஏவோடு கொடுத்து, வரும் நீளமான பட்டியலை கிரெப் வழியாக விட்டு க்னாஷ் என்ற பெயரைத் தேடுங்கள். வெளியீட்டுக்கு வெளியீடு பொதியின் பெயர் வேறுபடும், ஆகவே நான் ஒரு பெயரைச் சொல்லி நீங்கள் அதை அப்படியே அடிப்பதைவிட உங்கள் இயந்திரம் என்ன பெயர் சொல்கிறதோ அதையே எடுத்து மைனஸ் ஈயோடு நீக்குவதுதான் சரி. பிறகு பிரவுஸை மூடித் திறந்து பட்டியலை மறுபடி பாருங்கள், விளக்க வரியில் ஃபிளாஷின் பதிப்பு எண் வந்திருக்க வேண்டும்.

பாடத்தைத் திறந்ததும் பிரவுஸ் பட்டென்று மூடிக்கொள்கிறது

எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் தின்றது இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். எல்லாம் சரியாக இருந்தது, ஆர்பிஎம் முனகாமல் நிறுவியது, க்னாஷை எடுத்தாயிற்று, பட்டியலில் 11.2 என்று அழகாகத் தெரிந்தது. ஒரு பாடத்தைத் திறந்தால் மட்டும் பிரவுஸ் இருந்த இடம் தெரியாமல் போய்விடும். கோப்பு கெட்டுவிட்டதோ என்று வேறு பிரதி எடுத்தேன், இயங்குதளத்தையே மறுபடி ஏற்றினேன், பலன் இல்லை. கடைசியில் டிமெசெஜ் கட்டளை காட்டிய கர்னல் செய்திகளின் அடியில் 'செல்லாத ஆணைக்குறி' என்ற பொருளில் ஒரு வரி கிடந்தது.

காரணம் கணினியின் சிபியூ செயலிதான். எக்ஸ்ஓ-1இல் இருப்பது 433 மெகாஹெர்ட்ஸ் ஏஎம்டி ஜியோடு. கூடுதல் ஆணைத்தொகுப்புகளில் அதில் எம்எம்எக்ஸ் உண்டு, 3டிநவ் உண்டு, எஸ்எஸ்இ2 கிடையாது. லினக்ஸுக்கான ஃபிளாஷ் 11.2 வரிசை எஸ்எஸ்இ2 இருக்கும் என்று எடுத்துக்கொண்டே தொகுக்கப்பட்டது. பட்டியலில் பெயர் காட்டும் வரைக்கும் அந்த ஆணைகள் தேவைப்படுவதில்லை, படம் வரையத் தொடங்கும்போதுதான் தேவைப்படுகிறது, அந்தக் கணத்திலேயே செயலி கையை விரித்துவிடும், நிரல் செத்துப்போகும். ப்ராக் அடைவில் இருக்கும் சிபியூஇன்ஃபோ கோப்பைத் திறந்து ஃபிளாக்ஸ் என்ற வரியில் எஸ்எஸ்இ2 இருக்கிறதா என்று பாருங்கள். இல்லை என்றால் 10 வரிசைப் பதிப்புக்கு இறங்குங்கள். எக்ஸ்ஓ-1.5இல் வியா சி7-எம் செயலி, அதில் எஸ்எஸ்இ2 இருக்கிறது, அதனால் ஒரு நண்பர் 1.5இல் ஓடுகிறது என்று சொன்ன அதே கோப்பு உங்கள் 1இல் செத்துப்போவதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை.

10 வரிசையில் இன்னொரு வசதியும் இருக்கிறது. கடைசிக் காலத்தில் வந்த பதிப்புகளுக்குள் 2021 ஜனவரி 12-க்குப் பிறகு எதையும் ஓட்டாதே என்ற பூட்டு இருக்கிறது. பழைய 10-இல் அது இல்லை.

ஓடுகிறது, சில நிமிடங்களில் எல்லாமே உறைந்துவிடுகிறது

நினைவகம். எக்ஸ்ஓ-1இல் 256 எம்பி, சேமிப்பைக் கூடுதல் நினைவகமாகப் பயன்படுத்தும் ஸ்வாப் கிடையாது, தீர்ந்தால் தீர்ந்ததுதான். கர்னல் எதையாவது கொன்று இடம் பிடிக்கும், சில நேரம் அதற்கே மூச்சு முட்டும். வேறு செயலிகளை எல்லாம் மூடுங்கள், பிரவுஸில் ஒரே ஒரு பக்கத்தை மட்டும் திறந்து வையுங்கள். பாடம் மாற்றும்போது பிரவுஸையும் ஒருமுறை மூடித் திறந்துவிடுங்கள், ஃபிளாஷ் பிடித்த நினைவகத்தை எளிதில் விடுவதில்லை.

வீடியோ தடுக்கித் தடுக்கி வருகிறது

இதற்கு முழுத் தீர்வு கிடையாது. 433 மெகாஹெர்ட்ஸ் செயலி, 1200-க்கு 900 புள்ளிகள் உள்ள திரை. முழுத்திரையாக்கினால் ஃபிளாஷ் ஒவ்வொரு சட்டகத்தையும் மென்பொருளிலேயே பெரிதாக்க வேண்டும், திணறத்தான் செய்யும். சிறிய பெட்டியிலேயே விடுங்கள், வலது பொத்தானை அழுத்தி வரும் பட்டியில் தரத்தைக் குறைந்ததாக மாற்றுங்கள். 320-க்கு 240 அளவு வீடியோ என்னிடம் பார்க்கும்படி ஓடுகிறது.

வெறும் வீடியோதான் என்றால் உண்மையில் ஃபிளாஷே வேண்டாம். வேறொரு கணினியில் எஃப்எஃப்எம்பெக்2தியோராவை வைத்து ஓக் தியோரா என்ற வீடியோ வடிவத்துக்கு மாற்றிப் பென்டிரைவில் கொண்டுவாருங்கள், எக்ஸ்ஓவின் ஜூக்பாக்ஸ் செயலி அதை நேரடியாக ஓட்டும். ஃபிளாஷைத் தொட்டு இழுத்து விளையாட வேண்டிய பாடங்களுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

படம் வருகிறது, சத்தம் இல்லை

விசைப்பலகையின் ஒலி விசையை முதலில் பாருங்கள். டாம்டாம், மெஷர் போன்ற ஒலி சார்ந்த செயலிகள் பின்னால் ஓடிக்கொண்டிருந்தால் மூடிவிட்டுப் பிரவுஸை மறுபடி திறங்கள். பெரும்பாலும் இதோடு சரியாகிவிடும்.

முதல் திரை வருகிறது, அடுத்த பக்கம் போகவே இல்லை

பென்டிரைவிலிருந்து பாடம் ஓட்டுகிற எல்லோரும் ஒருநாள் இங்கே வந்து நிற்பார்கள், பார்ப்பதற்குப் பாடமே கெட்டுப்போன மாதிரி இருக்கும். உண்மையில் ஃபிளாஷ் பாதுகாப்புக்காகப் பிடித்து வைத்திருக்கிறது. வட்டிலிருந்து திறக்கும் ஃபிளாஷ் கோப்பு மற்ற கோப்புகளைப் படிக்கலாம் அல்லது இணையத்தோடு பேசலாம், இரண்டையும் சேர்த்துச் செய்ய விடாது. இணையத்துக்கு என்று தயாரித்த பாடம் தன் பக்கத்திலேயே இருக்கும் எக்ஸ்எம்எல் கோப்பைக்கூடப் படிக்க முடியாமல் முதல் திரையில் அப்படியே நின்றுவிடும்.

இந்த அடைவை நம்பு என்று நாம்தான் எழுதிக் கொடுக்க வேண்டும். ரூட்டாக இருந்து, ஈடிசி அடைவுக்குள் அடோபி என்று ஒன்று, முழுதும் சிறிய எழுத்தில். அதற்குள் ஃபிளாஷ்பிளேயர்டிரஸ்ட் என்று ஒன்று, நடுவில் இடைவெளி இல்லாமல், மூன்று சொற்களின் முதல் எழுத்தும் பெரிய எழுத்தில். அதற்குள் எந்தப் பெயரிலும் ஓர் உரைக்கோப்பு, பின்னொட்டு சிஎஃப்ஜி. அந்தக் கோப்பில் பாடங்கள் இருக்கும் அடைவின் முழுப் பாதையை ஒரே வரியில் எழுதினால் போதும். வீட்டு அடைவுக்குள்ளும் இப்படி ஒரு இடம் உண்டு, ஆனால் மேலே சொன்ன ரெயின்போ வேலியால் எக்ஸ்ஓவில் பொது இடத்தில் எழுதுவதே நல்லது. பென்டிரைவின் பெயர் மாறினால் பாதையும் மாறிவிடும், ஆகவே முடிந்தால் பாடங்களை எஸ்டி அட்டையில் வைத்து அதைத் திரைக்கு அடியில் இருக்கும் செருகியிலேயே நிரந்தரமாக விட்டுவிடுங்கள்.

தமிழ் எழுத்துகள் கட்டம் கட்டமாகவோ கலைந்தோ வருகின்றன

கட்டங்களாக வந்தால் எழுத்துரு இல்லை, லோகித் தமிழ் பொதியை நிறுவுங்கள். எழுத்துகள் வந்து, 'கெ' என்பதில் கொம்பு பின்னால் போய் உட்கார்ந்தால் அது எழுத்துருவின் குற்றம் இல்லை. ஃபிளாஷ் 9 வரைக்கும் இந்திய எழுத்துகளை அடுக்கத் தெரியாது, 10-இல் வந்த புதிய உரை இயந்திரத்துக்குத்தான் தெரியும், அதுவும் பாடத்தை உருவாக்கியவர் அந்த இயந்திரத்தைப் பயன்படுத்தி எழுதியிருந்தால் மட்டும். எழுத்துருவைக் கோப்புக்குள்ளேயே பதித்த பழைய தமிழ்ப் பாடங்கள் பெரும்பாலும் சரியாகத் தெரியும், அவற்றைத் தேடி எடுங்கள்.

நேற்று வரை ஓடியது, இன்று இல்லை

இயங்குதளத்தைப் புதுப்பித்தீர்களா? ஓஎல்பிசி-அப்டேட் வழியாகப் புதுப்பித்தால் ஓஎல்பிசி பயனரின் வீட்டு அடைவு மட்டும் தப்பும், நீங்கள் போட்ட ஆர்பிஎம்களும் ஈடிசியில் எழுதிய நம்பிக்கைக் கோப்பும் போய்விடும், நீக்கிய க்னாஷ் மறுபடி வந்து உட்காரும். நான் ஒரு பென்டிரைவில் 10 வரிசை ஆர்பிஎம், அந்த சிஎஃப்ஜி கோப்பு, லோகித் எழுத்துரு, எழுதிவைத்த வரிசை ஆகிய நான்கையும் வைத்திருக்கிறேன், மறுபடி போட கால் மணி நேரம் ஆகிறது. நிறைய இயந்திரங்களைப் பார்த்துக்கொள்பவர்கள் ஓஎல்பிசி-ஓஎஸ்-பில்டரில் சொந்தமாக ஒரு இமேஜ் தயாரித்துவிடலாம், ஃபிளாஷைச் சேர்க்காமல், க்னாஷை மட்டும் எடுத்து, நம்பிக்கைக் கோப்பையும் எழுத்துருவையும் சேர்த்து. ஆர்பிஎம் ஒன்றைத்தான் பிறகு ஒவ்வொன்றிலும் கையால் போட வேண்டியிருக்கும்.